டி.என்.எஸ். பதிவைப் பார்த்து ஆளைப் பிடித்துத் தர முடியுமா?

கேள்வி: கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் தயாரித்து ஏற்றுமதி செய்கிறோம். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று எங்கள் முகவரியிலிருந்தே ஜெர்மனி வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது. அவர் புதிய கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டார். நாங்கள் அப்படி எதையும் அனுப்பவில்லை. டி.என்.எஸ். பதிவுகளை ஆராய்ந்து ஆளைக் கண்டுபிடித்துத் தருவதாக ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள். டி.என்.எஸ். என்பது, ஒரு டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர்) எந்த சர்வர்களில் இயங்குகிறது என்று சொல்லும், எந்தக் கணினியிலிருந்தும் காசில்லாமல் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு. குற்றவாளியின் பெயர் அதில் இருக்காது. டொமைனைப் பதிவு செய்தவரின் விவரம் தனியாக ஹூஈஸ் என்ற ஏட்டில் இருக்கும். ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகு அங்கேயும் பெரும்பாலான பெயர்கள் மறைக்கப்பட்டுவிட்டன. பதிவின்போது கொடுத்த விவரமும் பணம் கட்டிய தடமும் டொமைன் விற்ற நிறுவனத்திடம் இருக்கும். காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால்தான் அவர்கள் வாய் திறப்பார்கள். நடுவில் நிற்கும் தனியாள் எவருக்கும் அந்த அதிகாரம் இல்லை.

முதலில் பணத்தைப் பாருங்கள். அது ஜெர்மனி வங்கியிலிருந்து போயிருப்பதால், திரும்பக் கேட்கும் கோரிக்கையை அந்த வங்கிதான் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் இன்றே தம் வங்கியிடமும் அங்குள்ள காவல்துறையிடமும் சொல்லட்டும். நீங்கள் 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள்.

அடுத்து, அந்த மின்னஞ்சலின் மூலக் கோப்பு. வாடிக்கையாளர் ‘பாருங்கள்’ என்று சாதாரணமாக ஃபார்வர்டு செய்தால், உங்களுக்கு வருவது அவர் எழுதிய புதிய மடல். பழைய மடலின் பயணக் குறிப்பு அதில் இல்லை. மூல மடலைக் கோப்பாகத் தரவிறக்கி இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைச் சான்று என்று நம்பி வராதீர்கள்.

அந்தக் கோப்பின் தலைப்பகுதியில், மடலைக் கைமாற்றிய ஒவ்வொரு சர்வரும் ஒரு வரியை மேலே சேர்த்துக்கொண்டே போயிருக்கும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். வாடிக்கையாளரின் சர்வர் எழுதிய வரிகளை மட்டும் நம்பலாம். அதற்குக் கீழே உள்ளவற்றை மோசடிக்காரனே எழுதியிருக்கக்கூடும். நடந்தது மூன்றில் எது என்று இங்கே தெரிந்துவிடும். உங்கள் டொமைன் பெயரை வேறொரு சர்வர் போலியாகப் போட்டிருக்கலாம். உங்கள் பெயரைப் போலவே தோன்றும் வேறு டொமைனாக இருக்கலாம். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் நெருக்கி எழுதினால் எம் போலத் தெரியும், அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. அல்லது உங்கள் அஞ்சல்பெட்டியே திருடப்பட்டு, மடல் உண்மையிலேயே உங்களிடமிருந்து போயிருக்கலாம்.

முதல் வகையைத் தடுக்கத்தான் எஸ்.பி.எஃப். பதிவு. ‘இன்னின்னார் மட்டுமே எங்கள் சார்பில் வசூலுக்கு வருவார்கள்’ என்று கடை வாசலில் ஒட்டும் அறிவிப்பைப் போன்றது அது. உங்கள் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களின் பட்டியல் அதில் இருக்கும். டி.கே.ஐ.எம். என்பது மடலின் மீது இடப்படும் மின்னணுக் கையொப்பம். இந்தச் சோதனைகளில் தேறாத மடலை என்ன செய்வது என்று உத்தரவிடுவது டி-மார்க்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தலைப்பகுதியில் எஸ்.பி.எஃப். தோல்வி என்று இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்டாதீர்கள். பல நிறுவனங்களில் பொது முகவரிக்கு வரும் மடல், தானாகவே அதிகாரியின் சொந்த முகவரிக்குத் திருப்பி விடப்படும். அப்போது கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது இடையிலுள்ள சர்வர். அது உங்கள் பட்டியலில் இருக்காது. நீங்கள் நேர்மையாக அனுப்பிய மடல்கூடத் தோற்றதாகவே காட்டும். கையொப்பமோ மடலோடு சேர்ந்தே பயணிப்பதால் பொதுவாகத் தப்பிவிடும். ஆனால், இடையில் யாராவது ‘இது வெளியிலிருந்து வந்த மடல்’ என்று ஒரு வரியை மடலுக்குள் சேர்த்தால் கையொப்பமும் உடைந்துபோகும். ஆகவே வாடிக்கையாளரிடம் ‘தானாகத் திருப்பி விடும் ஏற்பாடு இருக்கிறதா’ என்று கேட்காமல் எவர் மீதும் பழி போடாதீர்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நேர்மையான ஊழியரைச் சந்தேகித்த நிறுவனங்கள் உண்டு.

போலி டொமைன் என்றால் தாமதிக்காதீர்கள். டி.என்.எஸ். இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். நேற்று என்ன இருந்தது என்பதை அது வைத்திருப்பதில்லை. அந்த டொமைனின் ஏ, எம்.எக்ஸ்., என்.எஸ்., டி.எக்ஸ்.டி. என்ற டி.என்.எஸ். பதிவுகள், விற்ற நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி எல்லாவற்றையும் நேரக் குறிப்போடு இன்றே சேமியுங்கள்.

அஞ்சல்பெட்டி திருடப்பட்டது என்றால் முதலில் உள்நுழைவுப் பட்டியலைச் சேமித்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். பெட்டியில் யாரோ வைத்திருக்கும் ‘தானாகத் திருப்பி விடு’ விதியையும் படமெடுத்த பிறகு நீக்குங்கள். ‘கணினியை ஃபார்மட் செய்து தருகிறேன்’ என்று வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள். அவர் அழிப்பது உங்களுடைய சாட்சியை.

ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) கிடைத்தால் ஆள் கிடைத்துவிட்டார் என்பதும் பொய். நம் நாட்டுக் கைபேசி நிறுவனங்கள் ஒரே ஐ.பி.யை ஏராளமானோருக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. துல்லியமான நேரமும், ஒரே ஐ.பி.யில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் இல்லாமல் அவர்களாலேயே ஆளைச் சொல்ல முடியாது.

இனி புகார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்டவர்தான் இந்தச் சட்டப்படியான வழக்கை விசாரிக்கலாம். இதைக் காட்டியே காவல் நிலையம் சைபர் பிரிவுக்கு அனுப்புகிறது. சைபர் பிரிவு ‘பணம் போனது வெளிநாட்டில்’ என்று திருப்பி அனுப்புகிறது. எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் எழுதி வைத்த பிறகும், பணத்தைப் பறிகொடுத்தவர்களை இப்படி அலைய விடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பிரிவின் எண்ணை எழுதி எடுத்துப்போங்கள்.

சில இடங்களில் மடலை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். கொடுங்கள், ஆனால் மூலக் கோப்பையும் பென் டிரைவில் சேர்த்துக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை போன்ற குறியீட்டைக் குறிக்க வேண்டும். கோப்பைப் பெற்ற நாளிலேயே அதைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் ஒன்று என்று இரண்டு மூன்று சேர்த்திருந்தால் சோதனையே பிழையாகிவிடும். எத்தனை இருக்கின்றன? டி-மார்க் உத்தரவு ‘நன்’ என்று இருக்கிறதா, ‘ரிஜெக்ட்’ என்று இருக்கிறதா? ‘நன்’ என்றால் போலி மடலை நிறுத்தும்படி நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிட்டு ‘பாதுகாப்பு போட்டாயிற்று’ என்று பில் நீட்டுபவர்கள் நிறையப் பேர். உங்கள் நேர்மையான மடல்கள் எல்லாம் தேறுகின்றனவா என்று சில வாரங்கள் டி-மார்க் அறிக்கைகளைப் பார்த்த பிறகு ‘ரிஜெக்ட்’ ஆக்கச் சொல்லுங்கள். அப்படியே டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். அவர் பெயரில் இருந்தால், வேறு எந்த வேலையும் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.