தினமும் காலையில் எழுதினால் கற்பனையும் தெளிவும் வருமா? ஒரு தையற்காரியின் பதில்

கேள்வி இது: "காலையில் எழுந்ததும் நோட்டில் எழுதினால் கற்பனை வளரும், மனம் தெளியும் என்கிறார்களே, உண்மையா? கதை, கவிதை எதுவும் எழுதாத என்னைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன பயன்?"

உண்மைதான். அதுவும் எழுத்தை வைத்துப் பிழைக்காதவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்று நினைக்கிறேன். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, ஆரி வேலை, பள்ளிச் சீருடை, தீபாவளி நெருங்கினால் பஞ்சாபி சூட். கதை எழுதியதில்லை, எழுதும் ஆசையும் இல்லை. ஆனால் சில வருடங்களாகக் காலையில் எழுதுகிறேன். இதை விடச் சொன்னால் என்னால் முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காலையில் எழுதுவதால் புது யோசனைகள் தானாக வந்து கொட்டிவிடாது. மனதில் அடைத்துக்கொண்டு நிற்பவை வெளியே போகும், யோசனை வந்து உட்கார இடம் கிடைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இது தெரியாமல் தொடங்குபவர்கள்தான் ஒரே வாரத்தில் "ஒன்றும் வரவில்லை" என்று நோட்டை மூடிவிடுகிறார்கள்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். இருட்டோடு எழுந்து, ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குள் நுழைந்துவிடுவார். இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். கத்தியை வைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. முந்தின வெட்டில் காய்ந்து கோடாக ஒட்டியிருக்கும் பாலை இழுத்து உரித்துவிட வேண்டும். அதை உரித்த பிறகுதான் புது வெட்டு. என் நோட்டின் முதல் பக்கம் அந்த உரிப்புதான். நேற்று யார் என்ன சொன்னார்கள், எந்தத் துணி இன்னும் வரவில்லை, கரண்டு பில், தூக்கம் போதவில்லை, முதுகு வலி. படிக்க ஒன்றுமே இருக்காது. ஆனால் அதை எழுதாமல் இரண்டாவது பக்கத்துக்குப் போக முடியாது.

இந்தப் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜூலியா கேமரன் என்ற அமெரிக்க எழுத்தாளர். 1992இல் வந்த 'தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே' என்ற புத்தகத்தில், எழுந்தவுடன் மூன்று பக்கம், கையால், மனதில் ஓடுவதை ஓடுகிறபடியே எழுதச் சொன்னார். நன்றாக எழுத வேண்டியதில்லை, யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அவருக்கு வெகு காலம் முன்பே, 1934இல், டொரோத்தியா பிராண்டே என்பவர் எழுத்துப் பழக நினைப்பவர்களுக்கு ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார்: வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள், யாரிடமும் பேசுவதற்கு முன், பேப்பர் படிப்பதற்கு முன் எழுதுங்கள்.

எனக்குப் பிடித்த முன்னோடி நம் ஆள்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள், சண்டை, சகுனம் எல்லாம் அதில் இருக்கிறது. அவர் எழுதியது காலைப் பக்கம் அல்ல, நடந்ததைப் பதிந்து வைத்தது. இருந்தாலும் நான் அவரைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதற்குக் காரணம், அவர் ஒரு வியாபாரி. தமிழில் இவ்வளவு பெரிய நாட்குறிப்பைத் தந்தவர் கவிஞர் இல்லை, கணக்கு வழக்குப் பார்த்த மனிதர். நோட்டும் பேனாவும் படித்தவர்களின் சொத்து என்று தயங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

சரி, நான் செய்வது எப்படி என்றால், நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியனே வருகிறது. மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982இல் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து இப்படித்தான். அதனால் ஆறு மணி என்பது இங்கே நல்ல இருட்டு. பள்ளிவாசலில் சுபுஹ் பாங்கு கேட்டதும் எழுந்து, முகம் கழுவி, ஒரு கோப்பி ஓ கலக்கிக்கொண்டு தையல் மேசையிலேயே உட்கார்ந்துவிடுவேன். பள்ளி வேனும் பேக்டரி பஸ்ஸும் கிளம்பிச் சத்தம் போடத் தொடங்குவதற்குள் எழுதி முடித்துவிடலாம். கைப்பேசி வேறு அறையில் இருக்கும். இதில் மட்டும் நான் கறார். வாட்ஸ்அப்பைத் திறந்தால் "அக்கா, என் துணி ரெடியா?" என்று நாலு பேர் காத்திருப்பார்கள். அதைப் படித்த பிறகு எழுதுவது என் மனதில் இருப்பது அல்ல, அவர்களுக்கான பதில்.

பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட சாதாரணப் பயிற்சிப் புத்தகம் போதும். அழகான தோல் அட்டை நோட்டு வாங்காதீர்கள். விலை கூடிய நோட்டில் கண்டதையும் எழுத மனம் வராது, கண்டதை எழுதுவதுதான் இங்கே வேலையே. சின்னப் புத்தகத்தில் மூன்று பக்கம் எனக்கு இருபது நிமிடம். கேமரன் சொல்வது பெரிய தாளில், அது முக்கால் மணி நேரம்கூட ஆகும். காலையில் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கட்ட வேண்டியவர்களுக்கு அது நடக்காது. நடக்காத ஒன்றை இலட்சியமாக வைத்துக்கொண்டு வருந்துவதைவிட, நடக்கிற அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மனதுக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறீர்களோ அப்படியே எழுதுங்கள். என் நோட்டில் "லைனிங் துணி ஹாபிஸ், ஈப்போ போகணும்" என்றுதான் இருக்கும் (ஹாபிஸ் என்றால் மலாயில் தீர்ந்துவிட்டது). இலக்கணம் பார்க்க ஆரம்பித்தால் மனம் உடனே பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகிவிடும், ஆசிரியருக்குப் பிடித்ததை மட்டும் எழுதும். எழுத ஒன்றும் தோன்றாத நாளில் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதுங்கள், காதில் விழுவதை எழுதுங்கள். தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டுச் சேவல், எதுவானாலும். ஐந்தாறு வரிக்குள் வேறு ஏதாவது வந்துவிடும்.

கற்பனைக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு என் வேலையிலிருந்தே ஓர் உதாரணம். ஒரு கல்யாணப் பெண் வந்தாள். முதுகுப் பக்கம் ஆரி வேலை வேண்டும், ஆனால் மயில், தாமரை, யானை எதுவும் வேண்டாம், வேறு யாரும் போட்டிராத ஒன்று வேண்டும் என்றாள். இணையத்தில் தேடத் தேட எல்லாம் ஒரே மாதிரி. பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் எழுதும்போது அந்த ரவிக்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவமனைத் தேதிக்கு யார் அழைத்துப் போவது, கடையை அன்று சாத்துவதா. அதிலிருந்து, அந்தக் கால் எத்தனை வருடம் மரத்துக்கு மரம் நடந்தது என்று போனது. அதிலிருந்து அந்த மரங்களுக்குப் போனது. பால்மரத்தில் வெட்டு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்கும், ஏறக்குறைய 30 பாகைச் சரிவில். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் எதிர்ப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருப்பதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாக எடுப்பதால் பட்டை முழுக்க நெருக்கமான சாய்கோடுகள் தெரியும். சிறு வயதில் அதை விரலால் தடவியிருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்த கையாலேயே ஓரத்தில் வரைந்து பார்த்தேன். ரவிக்கையின் முதுகில், தோளிலிருந்து இடுப்புவரை நெருக்கமான ஜரிகைச் சாய்கோடுகள், கோடு முடியும் இடத்தில் ஒரே ஒரு வெள்ளை முத்து. அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவளுடைய பாட்டியும் மரம் வெட்டியவராம். வேறு எதையும் பார்க்காமல் இதுவே போதும் என்றாள்.

யோசனையைத் தேடி உட்கார்ந்திருந்தால் அன்று நான் அங்கே போயிருக்கவே மாட்டேன். முழங்கால் வலியிலிருந்துதான் வழி இருந்தது. "பயனுள்ளதாக" எழுத வேண்டும் என்று நினைப்பவர்கள் இழப்பது இந்த வழியைத்தான்.

தெளிவு வேறு மாதிரி வருகிறது. அது எழுதும்போது வருவதைவிட, திருப்பிப் படிக்கும்போது வருகிறது. முதல் எட்டு வாரம் திருப்பிப் படிக்கவே வேண்டாம் என்பது கேமரனின் யோசனை. நான் அதை ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாரப் பக்கங்களைச் சிவப்புப் பென்சிலோடு புரட்டுவேன். திரும்பத் திரும்ப வருவதை மட்டும் வட்டமிடுவேன். ஒரு சமயம் எல்லா வட்டமும் ஒரே விஷயமாக இருந்தது: துணியை வாங்கிக்கொண்டு மீதிப் பணத்தை அப்புறம் தருகிறேன் என்று போனவர்கள். தினமும் ஒரு வரியாக வந்ததால் அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தபோதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது வேலைப் பளு இல்லை, இந்தப் பாக்கிதான் என்று புரிந்தது. அடுத்த வாரமே பாதிப் பணம் முன்கூட்டியே என்று அட்டையில் எழுதிக் கடையில் மாட்டிவிட்டேன்.

ஆய்வு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள். எழுதிய உடனே மட்டும் அவர்களுக்கு மனம் கொஞ்சம் கனத்திருந்தது. காலையில் எழுதினால் கற்பனை கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அதை இதற்குச் சான்றாகக் காட்டுபவர்களை நம்பாதீர்கள். பென்னிபேக்கர் பின்னால் கண்ட இன்னொன்று எனக்கு மிகவும் பயன்பட்டது. நாளாக நாளாக, ஏன் நடந்தது, அதிலிருந்து என்ன புரிந்தது என்ற பக்கம் எழுத்து நகர்ந்தவர்களுக்குத்தான் அதிக நன்மை கிடைத்தது.

ஒரே புலம்பலை மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் புண் ஆறாது, ஆழமாகும். அதனால் ஒரு குறை இரண்டாவது வாரமும் வட்டத்துக்குள் வந்தால், அதன் கீழே "எப்போது, எங்கே, என்ன செய்யப் போகிறேன்" என்று எழுதிவிடுவேன். மசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011இல் செய்த ஆய்வு இதற்குத் துணை. முடிக்காத வேலை மற்ற வேலைக்கு நடுவே வந்து தொந்தரவு செய்யும், ஆனால் அதற்குத் தெளிவான திட்டம் ஒன்று போட்டுவிட்டால், வேலையை முடிக்காமலேயே அந்தத் தொந்தரவு அடங்குகிறது. எழுத எழுத மனம் இன்னும் கனத்துக்கொண்டே போனால் நோட்டை வைத்துவிட்டு ஆளிடம் பேசுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. தாமான் (குடியிருப்பு) வீடுகளில் தனி அறை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. என் நோட்டு துணி அலமாரியில், வெட்டுத் துணி மூட்டைக்கு அடியில் இருக்கிறது. அம்மா ஆரம்பத்தில், "பாப்பா, இவ்வளவு காலையிலேயே என்ன கணக்கு எழுதுறே?" என்று கேட்டார். "மனக் கணக்குமா" என்றேன், அதோடு விட்டுவிட்டார். மிகவும் அந்தரங்கமானதை எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். எழுதியதிலேயே அதன் வேலை முடிந்துவிட்டது.

ஷிப்ட் வேலை செய்பவர்கள் காலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டாம். எப்போது தூங்கி எழுந்தாலும் அதுதான் உங்கள் காலை. எழுந்ததும் ஓடவேண்டிய நிலை என்றால், படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான ஆய்வில், இப்படி எழுதியவர்கள், அன்று செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். மூன்று பக்கத்தை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒரு நாள் எழுதினாலும் வட்டமிட ஏதாவது கிடைக்கும்.