சட்டம் படித்துவிட்டு பர்மா ஆய்வுக்குப் போகலாமா?

கேள்வி: ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. கடைசி வருடத்தில் இருக்கிறேன். பாட்டையா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர். அவருடைய கடைக் கணக்குகள் கானாடுகாத்தான் வீட்டில் கிடக்கின்றன. கோர்ட்டுக்குப் போவதைவிட பர்மா பற்றி பிஎச்.டி. செய்ய ஆசை. "அஞ்சு வருசப் படிப்பு வீணா, ஆத்தா?" என்கிறார் அப்பச்சி. பிராந்திய ஆய்வுக்கு (ஒரு நாட்டையோ பகுதியையோ அதன் மொழி, வரலாற்றோடு சேர்த்துப் படிக்கும் துறை) மாற முடியுமா?

பதில்: முடியும். படிப்பும் வீணாகாது. வீட்டில் புரோநோட்டுக் கட்டு இருந்தால் பிரித்துப் பாருங்கள். அதே ஆள், அதே ஊர், மூன்று வருடம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு புது நோட்டு; தொகை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும். ஆள் மறுபடி கடன் வாங்கினார் என்றுதான் பலரும் எழுதுவார்கள். சட்டம் படித்த உங்களுக்கு லிமிடேஷன், அதாவது வழக்குப் போடுவதற்கான காலக்கெடு, ஞாபகம் வரும். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்தது. 1908ஆம் ஆண்டின் லிமிடேஷன் சட்டம் அங்கும் செல்லும். மூன்று வருடத்தில் நோட்டு காலாவதியாகும் என்பதால், வட்டியை அசலோடு சேர்த்துப் புதுப்பித்திருக்கலாம். புதுப் பணம் கைமாறியிருக்கவே வேண்டியதில்லை. இதைக் கண்டுபிடிக்க எம்.ஏ. மாணவருக்கு ஒரு வருடம் ஆகும்.

ஆனால் அந்த நோட்டில் உங்களுக்குப் புரிவது பாதிதான். கையெழுத்துப் போட்ட விவசாயி யார்? கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1937 வாக்கில் 25 சதவீதம். நெல் விலை விழுந்தது, அடமானம் மூழ்கியது என்று நம் பக்கக் கதை நமக்குத் தெரியும். அவர்கள் பக்கத்துக் கதைக்கு பர்மிய மொழி வேண்டும். சட்டத்திலிருந்து வருகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். தமிழும் இங்கிலீஷும் போதும் என்று நினைத்தால், குடும்ப வரலாறு எழுதலாம், பிராந்திய ஆய்வு ஆகாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எட்டு வாரக் கோடை வகுப்பில் பர்மிய மொழியும் உண்டு.

இந்தியாவில் என்றால் முதலில் ஒரு எம்.ஏ. முடிப்பது நல்லது, வரலாறோ அரசியலோ எதுவானாலும் சரி. நெட் என்னும் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில் சர்வதேச, பிராந்திய ஆய்வுகள் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 வருடம் தளர்வு உண்டு, அவசரப்பட வேண்டாம்.

வெளிநாடு என்றால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தென்கிழக்கு ஆசியத் திட்டம் பெரிய பெயர். ஆனால் பிஎச்.டி. பட்டம் தருவது வரலாறு, மானுடவியல் போன்ற துறைகள். விண்ணப்பம் அங்கேதான் போக வேண்டும். பெர்க்லியிலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பிராந்தியத்தின் பெயரிலேயே துறை இருக்கிறது. எழுத்து மாதிரி கேட்பார்கள். சட்டக் கல்லூரி மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எழுதிய மூட் கோர்ட் மெமோரியலை அனுப்பிவிடாதீர்கள். அது ஒரு கட்சிக்காக வாதாடுகிற எழுத்து. இவர்கள் பார்ப்பது, விடை தெரியாத கேள்வியோடு நீங்கள் எப்படி மல்லுக்கட்டுகிறீர்கள் என்பதை. அந்த நோட்டுக் கட்டைப் பற்றி இருபது பக்கம் எழுதுங்கள், போதும்.

அப்புறம், அந்தக் கணக்குகள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகிற வண்டியில் பேரேடுகளும் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்ததால்தான் இன்று தரமணியில் ஒரு ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஐந்தொகை (வரவு செலவு முடிந்த இருப்புக் கணக்கு), பேரேடு, சம்பளச் சீட்டு (கடை ஆளை அமர்த்திய ஒப்பந்தம்) எல்லாவற்றையும் படம் எடுங்கள். இடையில் செருகிய துண்டுச் சீட்டை உருவி, தனியாக அடுக்கிவிடாதீர்கள்; எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள்.