யானைப் பொம்மையில் பஞ்சு வெளியே தெரிவது பற்றி

வணக்கம் சகோதரி. நீங்கள் குறோசேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) பின்னிய யானைக்குட்டியின் வயிற்றில் கண்ணிகள் விரிந்து இலவம்பஞ்சு எட்டிப் பார்ப்பதாகவும், கண்ணி குறைக்கும், அதாவது இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கும், இடங்களில் துளை விழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முதற் காரணம் ஊசியாகவே இருக்க வேண்டும். நூற்பந்தின் சுற்றுத்தாளில் உள்ள ஊசி அளவு உடுப்புக்குரியது. நீங்கள் பயன்படுத்தும் 4 மில்லிமீற்றர் ஊசிக்குப் பதிலாக 3 அல்லது 2.5 மில்லிமீற்றர் ஊசியால் பின்னினால், கை சற்று நோகும் என்றாலும், பின்னல் இறுகி வரும்.

கண்ணி குறைக்கையில் இரண்டு கண்ணிகளையும் முழுதாகக் கோக்காமல், ஒவ்வொன்றின் முன் இழையில் (உங்கள் பக்கம் இருக்கும் இழையில்) மட்டும் ஊசியை அடுத்தடுத்து நுழைத்து, நூலைச் சுற்றி அவ்விரண்டினூடாகவும் இழுத்து, மறுபடி சுற்றி, ஊசியில் மிஞ்சும் இரு வளையங்களினூடாகவும் இழுத்துவிடுங்கள்; குறைத்த இடம் இலேசில் தெரியாது. கிளிநொச்சியில் நான் முதன்முதலில் பின்னிய முயலும் இப்படித்தான் பொத்தல் பொத்தலாக இருந்தது.

இலவம்பஞ்சு நம் வன்னியில் வளவிலேயே கிடைப்பது வசதிதான். ஆனால் அதன் இழை வழுவழுப்பானது என்பதால் சிறு இடைவெளியிலும் நழுவி வரும், தோய்த்தால் கட்டிபடும். பழைய பெனியன் துணியில் சிறு பை தைத்து, பஞ்சை அதற்குள் அடைத்து வைப்பதே எனக்குப் பிடித்த வழி. கைக்குழந்தைக்குக் கொடுப்பதாயின் மணிக்கண் வேண்டாம். கறுப்பு நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள்.