பேச்சை அல்ல, கையெழுத்தைப் பாருங்கள்

கேள்வி: லிபர்டேரியன் சிந்தனை (தனிமனித சுதந்திரம் மிகுந்து, அரசின் தலையீடு குறைய வேண்டும் என்ற கொள்கை) உள்ள நீங்கள் அமெரிக்க அதிபர்களில் யாரை மெச்சுவீர்கள்? ரீகனைத்தானே?

பதில்: இல்லை. ரீகனின் பேச்சு எனக்குப் பிடிக்கும். ஆனால் அவருடைய 8 ஆண்டுகளில் மத்திய அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. அரசைச் சுருக்குவதாகச் சொன்னவரை வேறு எதைக்கொண்டு அளப்பது?

கார்ட்டருக்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். எந்த விமானம் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்றெல்லாம் அரசே தீர்மானித்துவந்த முறைக்கு 1978-இல் அவருடைய கையெழுத்துதான் முடிவு கட்டியது. 1980-இல் லாரி, ரயில் துறைகளின் கட்டுகளும் தளர்ந்தன.

என் மனத்துக்கு நெருக்கமானவர் கிளீவ்லாந்து. 1887-இல் வறட்சியில் தவித்த டெக்சாஸ் விவசாயிகளுக்கு விதை வாங்க 10,000 டாலர் தரும் மசோதாவை, அரசியலமைப்பில் அதற்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார். சின்னத் தொகைதான், மறுக்கத் துணிவு வேண்டும். அதே மனிதர் மறு ஆண்டே, ஊருக்குப் போன சீனத் தொழிலாளர்கள் அமெரிக்கா திரும்பத் தடை விதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வில்சன் ஆட்சியில், முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக யூஜின் டெப்ஸுக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை. 1921-இல் அவரை விடுவித்தவர் அடுத்த அதிபர் ஹார்டிங். டெப்ஸ் சோஷலிஸ்ட், ஹார்டிங்கோ எதிர்முகாம். வேட்பாளர்களை ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: தனக்குப் பிடிக்காதவனின் உரிமைக்காக இவர் என்ன செய்திருக்கிறார்?