சின்ன கல்வர்ட்டுக்கும் விருது கிடைக்குமா? சிவில் பொறியியல் விருதுகள் பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துக் குத்தகையாளர்கள், சைட் சூப்பர்வைசர்கள், வேலைக்குப் புதிதாக வந்த பொறியாளர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (ஜி3 தரக் குத்தகையாளர்): வணக்கம் ஐயா. விருது வாங்குவதெல்லாம் எம்.ஆர்.டி., நெடுஞ்சாலை, பெரிய பாலம் என்றுதான் செய்தியில் வருகிறது. ஒரு மில்லியன் வெள்ளிக்குள் வேலை எடுக்கிற எங்களுக்கு அங்கே என்ன வேலை?

பதில்: வேலை இருக்கிறது ஐயா. தோட்டப்புறத்தில் நல்ல வேலை செய்தவர்கள் மனுவே போடாமல் இருப்பதற்கு இந்த எண்ணம்தான் காரணம்.

வட்டார விருது என்ற ஏற்பாடு வந்ததே பெரியதையும் சின்னதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பதற்காகத்தான். 1818-இல் லண்டனில் தொடங்கிய ஐ.சி.இ. என்ற சிவில் பொறியாளர் கழகம் பிரிட்டனில் வட்டாரம் வட்டாரமாக விருது கொடுக்கிறது. வடகிழக்கு வட்டாரத்தில் ராபர்ட் ஸ்டீவன்சன் பெயரிலும், யார்க்‌ஷயரில் அந்த மண்ணில் பிறந்த ஜான் ஸ்மீட்டன் பெயரிலும் விருதுகள் உண்டு. குறைந்த மதிப்புள்ள வேலைகளுக்குத் தனிப் பிரிவு வைப்பது அங்கே வழக்கம். ஒரு கிராமத்து நடைபாலம் இன்னொரு சின்ன வேலையோடுதான் போட்டி போடும்.

நம் நாட்டில் சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய கட்டுமானத் துறை விருதுகள் இருக்கின்றன. 1959-இல் அமைந்த ஐ.இ.எம். என்ற மலேசியப் பொறியாளர் கழகம் தன் விருதுகளைக் கொடுக்கிறது. அதற்குப் பேராக் உட்படப் பல மாநிலங்களில் கிளைகள் உண்டு. அதற்கு மேலே ஆசியான் பொறியியல் அமைப்புகளின் கூட்டமைப்பு ஆண்டு மாநாட்டில் சிறந்த பொறியியல் சாதனை விருது வழங்குகிறது. பிரிவுகளும் தகுதி விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். போன தடவை யாரோ நிரப்பிய பாரத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அந்தந்த ஆண்டுப் பாரத்தை எடுங்கள். வேலை எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்ற வரியை முதலில் படியுங்கள். பல மனுக்கள் விழுவது அந்த ஒரு வரியில்தான்.

கேள்வி (வடிகால் வேலை செய்யும் குழு): தோட்டத்துச் சாலைக்கு அடியில் இருந்த 900 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 1.5-க்கு 1.5 மீட்டர் பாக்ஸ் கல்வர்ட் (நீர் கடக்கும் கான்கிரீட் பெட்டி) போட்டோம். இப்போது வெள்ளம் ஏறுவதில்லை. ‘வெள்ளப் பிரச்சினை தீர்ந்தது’ என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. அந்த வாக்கியம் எல்லா மனுவிலும் இருக்கும். உங்கள் மனுவில் எண் இருக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒரு கணக்கு. நீர் சேரும் பரப்பு 30 ஹெக்டேர், வழிந்தோடும் கெழு (பெய்த மழையில் மண்ணில் இறங்காமல் ஓடிவரும் பங்கு) 0.5, மழைத் தீவிரம் மணிக்கு 120 மி.மீ. என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் வினாடிக்கு 5 கன மீட்டர் வரும். பழைய 900 மி.மீ. குழாய், 200-க்கு 1 சரிவில், மேனிங் எண் (உட்புறச் சொரசொரப்பைக் காட்டும் எண்) 0.013 என்று வைத்தால், நிறைந்து ஓடும்போது கடத்துவது சுமார் 1.3 கன மீட்டர்தான். மீதி 3.7 எங்கே போகும்? சாலை மேல் ஏறும், லயத்து வீடுகளுக்குள் போகும். புதிய பாக்ஸ் அதே சரிவில் நிறைந்து ஓடினால் சுமார் 6.4 கடத்தும். 5 கன மீட்டர் வரும்போது உள்ளே நீர் ஏறக்குறைய 1.06 மீட்டர் உயரம் நிற்கும். கூரைக்குக் கீழே இன்னும் 0.44 மீட்டர் மிச்சம். இந்த நாலு வரி, பத்துப் பக்க வருணனையை விடப் பேசும்.

உங்கள் இடத்துக்கு மழைத் தீவிரத்தை ஊகத்தில் போடாதீர்கள். ஜே.பி.எஸ். என்ற வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ மழைநீர்க் கையேட்டிலிருந்து, 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செம்பனையை வெட்டி வீட்டு மனை போட்டிருந்தால் வழிந்தோடும் கெழு ஏறியிருக்கும். பழைய குழாய் போதாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

விஷயம் தெரிந்த நடுவர் அடுத்துக் கேட்பது வெளிவாய் பற்றி. அந்தக் கணக்கில் நீர் வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் வேகத்தில் வெளியே வருகிறது. அந்த வேகத்தில் வெறும் மண் நிற்காது. குழி விழும், பக்கச்சுவரின் அடியை அரிக்கும், இரண்டு மழைக்காலம் போனால் கல்வர்ட்டின் முனை அந்தரத்தில் தொங்கும். வேகத்தைக் குறைக்க என்ன கட்டினீர்கள், கருங்கல் பாவினீர்களா, கல்லுக்கு அடியில் மண் அரிக்காமல் காக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தீர்களா, கீழே இருக்கிற ஓடை அந்த நீரைத் தாங்குமா? வெள்ளத்தை அடுத்த கம்பத்துக்குத் தள்ளிவிட்ட வேலைக்கு விருது கொடுக்க யாருக்கும் மனம் வராது. எனக்கும் வராது.

கேள்வி (சைட் சூப்பர்வைசர்): படம் எத்தனை, எப்படி எடுக்க வேண்டும், சார்?

பதில்: எண்ணிக்கையைப் பாரம் சொல்லும். பெரும்பாலும் ஒரு சிலதான் கேட்பார்கள். அந்தச் சிலவற்றை வேலை தொடங்கும் முன்னே திட்டமிட வேண்டும்.

நாலு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தோண்டுகிற எல்லைக்கு வெளியே, வேலை முடிந்தும் இருக்கப்போகிற ஒரு பொருளில், உதாரணமாக மின்கம்பத்திலோ பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரிலோ பெயின்டால் குறி வையுங்கள். வேலைக்கு முன், அடித்தளம் வெட்டியபோது, கம்பி கட்டியபோது, பின்மண் நிரப்பியபோது, முடிந்த பிறகு, முதல் பெருமழையில் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் எடுங்கள். பழைய வெள்ள மட்டம் சுவரில் சேற்றுக் கோடாக இருந்தால், சர்வே ஸ்டாஃபை (அளவுக் கோலை) அதன் பக்கத்தில் நிறுத்தி எடுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டால் அந்தச் சாட்சி போயே போய்விடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மனுவில் வைக்காதீர்கள். படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி விவரமும் அழிந்துவிடும். மூலக் கோப்பை அப்படியே கணினிக்கு மாற்றுங்கள்.

கம்பி கட்டும் படத்தில் ஒரே ஒரு ஆள் ஹெல்மெட் இல்லாமல் நின்றாலும் அந்தப் படம் உங்களுக்கு எதிர்ச்சாட்சி. இரண்டு மீட்டர் ஆழக் குழியில் பக்கத்தடுப்பு இல்லாமல் ஆள் இறங்கி நிற்பது தெரிந்தால் மனுவே முடிந்தது. அப்படிப்பட்ட படத்தை ஒளிக்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட வேலை நடக்கக்கூடாது.

கேள்வி: நான் துணைக் குத்தகையாளர். மெயின் கான்டிராக்டர் ஜி7, வேலை மதிப்புக்கு வரம்பில்லாத மேல் தரம். மனுவில் என் கம்பெனி பெயர் வருமா?

பதில்: கேட்டால் வரும், கேட்காவிட்டால் வராது. வேலை முடிவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நீங்கள் செய்த பகுதியை அளவோடு சொல்லுங்கள்: ‘பைல் வேலை, இத்தனை எண்ணிக்கை, இத்தனை மீட்டர்’ (பைல் என்பது அடித்தளத்துக்காக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்). உரிமையாளர், ஆலோசகர், குத்தகையாளர் மூவரின் சம்மதக் கடிதமும் பொதுவாக வேண்டியிருக்கும். நகராண்மைக் கழகம், ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) வேலையென்றால் அந்தக் கடிதம் வர நாளாகும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

கேள்வி (பள்ளி மண்டபம் கட்டுபவர்): கியூலாசிக் மதிப்பெண் நன்றாக இருந்தால் விருது உறுதியா அண்ணே?

பதில்: உறுதி இல்லை, ஆனால் கட்டடத்துக்கு அது நல்ல சான்று. கியூலாசிக் என்பது கட்டட வேலைத்தரத்தை அளப்பது. கல்வர்ட்டுக்கும் சாலைக்கும் அதைத் தேடாதீர்கள். ஷாசிக் பாதுகாப்புக்கானது. ஆவணம் பார்ப்பார்கள், சைட்டைச் சுற்றுவார்கள், தொழிலாளர்களிடம் பேசுவார்கள். ஆகவே வேலை நடக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும், முடிந்த பிறகு அளக்க ஒன்றும் இருக்காது. தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் பாதுகாப்பு விளக்கம் கொடுக்காத சைட்டில் மதிப்பெண் சரிவது அந்தப் பேச்சில்தான்.

கேள்வி (இளம் பெண் பொறியாளர்): ஆட்களுக்கான விருதும் இருக்கிறதாமே. எனக்கு இன்னும் ‘இர்.’ என்ற தொழில்முறைப் பொறியாளர் பட்டம் வரவில்லை. என்ன எழுதுவது?

பதில்: இளம் பொறியாளருக்கும் பெண் பொறியாளருக்கும் ஐ.இ.எம்.-இல் தனி விருதுகள் உண்டு அம்மா. வயது, உறுப்பினர் நிலை ஆகியவற்றை அந்த ஆண்டு விதியில் பாருங்கள். பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்திருப்பது எப்படியும் முதல் படி. பதியாமல் இருந்தால் இன்றே பதியுங்கள்.

எல்லாரும் செய்கிற தவறு, பயோடேட்டாவை வாக்கியமாக்கி அனுப்புவது. ‘இன்ன திட்டத்தில் பணியாற்றினேன்’ என்பதிலிருந்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சோதனைத் துளையில் 4 மீட்டர் ஆழத்தில் மென்களிமண் கண்டேன். பட்டை அடித்தளத்தை நிறுத்தி, பைலுக்கு மாற்றும்படி மேற்பொறியாளரிடம் கணக்கோடு சொன்னேன். அவர் ஏற்றார்.’ இதில் ஆள் தெரிகிறார். பரிந்துரைக் கடிதம் எழுதுபவரும் அதே நிகழ்ச்சியைத் தன் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். ‘கடின உழைப்பாளி, நல்ல குணம்’ என்ற கடிதம் யாருக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் உதவாது.

கேள்வி: கார்பன் குறைப்பு என்று பாரத்தில் ஒரு பகுதி இருக்கிறது. சின்ன வேலையில் அதற்கு என்ன எழுதுவது?

பதில்: சிமென்டிலிருந்து தொடங்குங்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 0.9 டன் கரியமில வாயு. 60 கன மீட்டர் கான்கிரீட், கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட் என்றால் 21 டன் சிமென்ட். அதில் பாதியை இரும்பாலைக் கசட்டுத் தூளாக மாற்றினால், கசட்டைத் தூளாக்குவதில் வரும் வாயுவைக் கழித்தபின், சுமார் 8 டன் கரியமில வாயு மிச்சம்.

அதனால் வரும் சிரமத்தையும் எழுதுங்கள். கசடு சேர்த்த கான்கிரீட் மெதுவாக இறுகும். 7 நாள் கியூப் (கான்கிரீட் கட்டியை நசுக்கிப் பார்க்கும் சோதனை) முடிவு தாழ்ந்திருக்கும், பலகை கழற்ற நாள் கூடும், ஈரம் காக்காமல் விட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும். அட்டவணையில் எத்தனை நாள் சேர்த்தீர்கள், எத்தனை நாள் ஈரச்சாக்கு போட்டீர்கள், 28 நாள் முடிவு என்ன என்று சொன்னால் அந்தப் பகுதிக்கு உயிர் வரும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி): காராயில் இருக்கும் விக்டோரியா பாலத்துக்கு இதில் இடம் உண்டா தம்பி?

பதில்: 1900-இல் திறந்த ரயில் பாலம் அது ஐயா. புதிய வேலைக்கான பிரிவில் வராது. ஆனால் பழைய கட்டுமானத்தைச் செப்பனிட்ட வேலைக்குப் பிரிட்டனில் ஐ.சி.இ. தனியாகவே விருது கொடுக்கிறது. செங்கல் தூணில் காரையை மாற்றினால் பழைய சுண்ணாம்புக் காரைக்கு இணையானதைப் போட வேண்டும். கெட்டியான சிமென்டைப் பூசினால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறி, செங்கலின் முகமே பொரிந்து விழும். அந்த வகை மனுவில் நடுவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

கேள்வி: நடுவர்கள் சைட்டுக்கு வந்தால் யார் பேசுவது?

பதில்: வேலை பார்த்தவர். இயக்குநர் வரவேற்கட்டும், பிறகு சூப்பர்வைசரும் பொறியாளரும் பேசட்டும். வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு வையுங்கள், மழை பெய்தால் போன் திரை தெரியாது. கல்வர்ட்டுக்குள் பார்க்க டார்ச்சும் பூட்ஸும் வேண்டும். முந்தின நாளே வெளிவாயில் தேங்கிய மட்டையையும் குப்பையையும் எடுத்துவிடுங்கள், ஆனால் கான்கிரீட்டில் இருக்கும் மயிரிழை விரிசலுக்குப் பூச்சு போட்டு மறைக்காதீர்கள். எங்கே, எத்தனை மி.மீ., எப்போது அளந்தீர்கள் என்ற பதிவேட்டை நீட்டுங்கள்.