123456789-இன் காரணிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

123456789-ஐக் காரணிப்படுத்திப் பார்த்தேன். இலக்கங்களின் கூடுதல் 45 என்பதால் 9-ஆல் வகுபட்டது, ஈவு 13717421. அதை 100 வரையுள்ள 25 பகா எண்களாலும் வகுத்தேன், எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. இதைப் பகா எண் என்று முடிவுகட்டலாமா? திருப்பி எழுதிய 987654321-க்கும் இதே காரணிகள்தானா?

ச.

அன்புள்ள ச.,

முடிவுகட்டக் கூடாது. பகு எண் ஒவ்வொன்றுக்கும் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத பகாக் காரணி ஒன்றாவது இருக்கும். ஆகவே வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தாக வேண்டும். 13717421-இன் வர்க்கமூலம் 3703-க்கும் 3704-க்கும் நடுவே; அதுவரை 517 பகா எண்கள். நீங்கள் 25-இல் நின்றுவிட்டீர்கள். 500-இல் நின்றிருந்தாலும் ஏமாந்திருப்பீர்கள்: இதன் மிகச் சிறிய பகாக் காரணி 504-ஆவது பகா எண்ணான 3607!

ஆனால் 504 முறை வகுக்கவும் வேண்டாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1643-இல் எழுதிய வழி இருக்கிறது. எண்ணை அ² − ஆ² என்று எழுத முடிந்தால் (அ − ஆ), (அ + ஆ) இரண்டும் காரணிகள். வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை அ-வாக எடுத்து, வர்க்கப்படுத்தி, நம் எண்ணைக் கழியுங்கள். மிச்சம் முழு வர்க்கமாக இல்லையென்றால் அ-வை ஒன்று கூட்டுங்கள்.

3704² = 13719616; கழித்தால் 2195. 5-இல் முடியும் முழு வர்க்கம் 25-இல்தான் முடியும், எனவே மூலம் எடுக்காமலே தள்ளிவிடலாம். 3705² = 13727025; கழித்தால் 9604, அதாவது 98². ஆக 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டே படி. சரியாகப் பார்த்தால் முதல் படியும் வீண்தான்: 13717421-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, அப்போது அ ஒற்றைப்படையாகத்தான் இருக்க முடியும்.

3607, 3803 இரண்டும் பகா எண்கள் (61 வரை வகுத்துப் பார்த்தால் போதும்). எனவே 123456789 = 3² × 3607 × 3803.

இரண்டு காரணிகளும் நெருங்கி நிற்பதால்தான் இவ்வளவு சுலபம். கணினித் தகவலை மறைத்து அனுப்பும் ஆர்எஸ்ஏ முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் சாவி செய்கிறார்கள்; அந்தப் பகா எண்கள் மிக நெருங்கியிருந்தால் சாவி எத்தனை நீளமானாலும் இதே வழியில் உடையும். 2022-இல் சில அச்சுப்பொறிகளின் சாவிகள் அப்படி உடைபட்டன.

இனி 987654321. இது 8 × 123456789 + 9. இரண்டுக்கும் பொதுவான எதுவும் மீதியான 9-ஐயும் வகுக்க வேண்டும் என்பதால் 3607-உம் 3803-உம் இங்கே வரவே வராது. 9-ஆல் வகுத்தால் 109739369; அது 17-ஆல் இருமுறை வகுபட்டு 379721 எஞ்சும். இதற்கு ஃபெர்மாவின் வழியைத் தொடாதீர்கள். காரணி கிடைக்காவிட்டால் அது 617-இல் தொடங்கி 189861 வரை போய், கடைசியில் 1 × 379721 என்று கையை விரிக்கும். இங்கே உங்கள் பழைய முறையே மேல்: 616 வரையுள்ள 112 பகா எண்களால் வகுத்தால் முடிந்தது. எதுவும் வகுக்காது, 379721 பகா எண்.