கொலையைப் பார்க்க முடிகிறது, அசடு வழிவதைப் பார்க்க முடியவில்லை!

கேள்வி: எனக்கு வயது 36. கணவரோடு படமோ சீரிஸோ பார்க்கும்போது, யாராவது அவமானப்படப் போகிற காட்சி வந்தால் என்னால் உட்காரவே முடிவதில்லை. எல்லார் முன்னாலும் ஒருவன் காதலைச் சொல்லப் போகிறான், அவள் மறுக்கப் போகிறாள் என்று தெரிந்ததுமே உடம்பெல்லாம் கூசுகிறது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன். ஆனால் கொலை, ரத்தம், பேய் எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்ப்பேன். "நடிப்புதானே, இதற்கா இந்தப் பாடு" என்று கணவர் சிரிக்கிறார். சில கதாபாத்திரங்களுக்குத் தாங்கள் அசடு வழிவதே தெரிவதில்லை. அவர்களுக்கே இல்லாத வெட்கம் எனக்கு ஏன்? எனக்கு ஏதாவது மனப் பிரச்சினையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அன்புள்ள தோழிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, இது நோயில்லை. நோய்க்கான பெயர் கிடையாதே தவிர, இந்த உணர்வுக்குப் பல மொழிகளில் பெயர் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் ‘ஃப்ரெம்ட்ஷேமன்’, அதாவது அடுத்தவருக்காக வெட்கப்படுவது. ஆஸ்திரியாவில் 2010ஆம் ஆண்டின் சொல்லாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்பானிய மொழியிலும் ‘பிறத்தியார் வெட்கம்’ என்ற பொருளில் ஒரு தொடர் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘கிரிஞ்ச்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். ஆனால் "பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்" என்று வள்ளுவர் எப்போதோ எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்படிப்பட்டவர்களே நாணத்தின் உறைவிடம் என்று உலகம் சொல்லும் என்கிறது 1015ஆவது குறள். அவர் சொன்ன பழி வேறு, மேடையில் பாட்டு வரி மறந்து விழிப்பது வேறு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் உங்கள் கணவர் அடுத்த முறை சிரித்தால் இந்தக் குறளை எடுத்து வீசுங்கள்.

கொலைக்குக் கலங்காத மனசு இதற்கு மட்டும் ஏன் கலங்குகிறது? நீங்கள் யாரையும் குத்தியதில்லை, உங்களையும் யாரும் குத்தியதில்லை. பேய் வந்து கதவைத் தட்டியதும் இல்லை. அதனால் அந்தக் காட்சிகளை எட்ட நின்று பார்க்க முடிகிறது. ஆனால் ஜோக் சொல்லி ஒருவரும் சிரிக்காமல் போனது, தூரத்தில் ஒருவர் கையசைக்க, நாமும் அசைத்து, அவர் நமக்குப் பின்னால் இருந்தவருக்குத்தான் அசைத்தார் என்று தெரிந்ததும் தூக்கிய கையால் தலையைக் கோதிக்கொண்டது... இதெல்லாம் யாருக்குத்தான் நடக்கவில்லை? திரையில் பார்க்கும்போது உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்கிறது.

2011இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர், பிறர் சங்கடத்தில் மாட்டும் சூழல்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அடுத்தவர் உடம்பில் வலிப்பதைப் பார்க்கும்போது நம் மூளையில் எந்தப் பகுதிகள் விழித்துக்கொள்ளுமோ, அதே பகுதிகள் இதற்கும் விழித்துக்கொண்டன. மாட்டியவருக்குத் தான் மாட்டியிருப்பது தெரியாவிட்டாலும் பார்ப்பவருக்குக் கூச்சம் வந்தது. "அவர்களுக்கே இல்லாத வெட்கம் எனக்கு ஏன்" என்று கேட்டீர்களே, அதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அவர் உணர்வதை வாங்கி நீங்கள் உணரவில்லை. அவர் இடத்தில் உங்களை வைத்து, ஊர் அவரை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். அவருக்குத் தெரியாத விஷயம் உங்களுக்குத் தெரிகிறது. சொல்லப்போனால், அவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நம்மை இன்னும் நெளிய வைக்கிறது.

எனக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஒருவர் குடித்துவிட்டுக் கல்யாண மேடையில் மைக்கைப் பிடிக்கும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு, துணி மடித்து, அலமாரியை ஒழுங்குபடுத்தி, திரும்பி வந்து பார்த்தால் அந்த ஆள் இன்னும் மைக்கோடு நிற்கிறார்! நிறுத்தி வைப்பதில் இதுதான் சங்கடம். காட்சி நகராது, பயம் மட்டும் வளரும்.

நிஜ வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டம் இருப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எதிரே ஒருவர் தடுமாறினால் பேச்சை மாற்றுவோம், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம், "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று ஒரு பொய்யாவது சொல்வோம். ஒருவர் சங்கடப்பட்டால் கூட இருப்பவர்களுக்கும் அது தொற்றிக்கொள்ளும், அதனால் எல்லாரும் சேர்ந்து அவர் முகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1956லேயே எழுதியிருக்கிறார். திரைக்கு முன்னால் நம் கை கட்டப்பட்டிருக்கிறது. இயக்குநருக்கும் அது தெரியும். பின்னணி இசையை எடுத்துவிடுவார், கேமராவை அந்த முகத்திலேயே நிறுத்துவார், எல்லாரும் மௌனமாக இருக்கும் அந்த நாலு விநாடியை எட்டாக்குவார். நாம் நெளிய வேண்டும் என்றே அவர் செய்கிற வேலை அது. நீங்கள் எழுந்து போவதை நான் கோழைத்தனமாகப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒருவர் மானத்தைக் காப்பாற்றும் பழைய பழக்கம்தான் உங்களைச் சமையலறைக்கு அனுப்புகிறது.

சரி, என்ன செய்யலாம்? கதையை முன்கூட்டியே படித்துவிடுங்கள். சுவாரஸ்யம் போய்விடும் என்பார்கள், போகட்டும். உங்களைப் படுத்துவது முக்கால்வாசி ‘இதோ வரப்போகிறது’ என்ற அந்தக் காத்திருப்புதான். சத்தத்தைக் குறைத்தாலும் பாதிக் கூச்சம் போய்விடும், ஏனென்றால் குரல் நடுங்குவதில்தான் வேதனை அதிகம். பத்து விநாடி தள்ளிவிட்டுப் பார்ப்பதிலும் தப்பில்லை. பல்லைக் கடித்துப் பார்த்துப் பழகு என்று சொல்லமாட்டேன். இது பரீட்சையா என்ன?

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். எத்தனையோ காட்சிகள் இருக்க, எல்லார் முன்னாலும் மறுக்கப்படுவதை உதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயலாகவும் இருக்கலாம். பழைய சம்பவம் எதுவும் இருந்தால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், நான் துருவவில்லை. திரையைத் தாண்டி, கூட்டத்தில் பேசுவது, புது ஆட்களைச் சந்திப்பது போன்றவற்றையும் இதே கூச்சத்தால் தவிர்க்க ஆரம்பித்திருந்தால் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

கணவர் விஷயம் சுலபம். அவர் சிரிப்பதும் சில பேருக்கு இந்தக் கூச்சத்திலிருந்து தப்பிக்கும் வழிதான், அதனால் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தண்ணீர் குடிக்கப் போவதாகப் பொய் சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள். "இது முடிந்ததும் கூப்பிடுங்கள், என்ன ஆச்சு என்று ஒரே வரியில் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். ஒரே வரியில் சொல்ல வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நடித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டால் திரும்பவும் ஓட வேண்டியிருக்கும்.